ஓடுகிற அம்மா எழுதுவது

தம்பி,

ஜொகூரில் எனக்காக நீ தயார் செய்திருக்கும் அறையின் படங்களைப் பார்த்தேன். கட்டில் நன்றாக இருக்கிறது. ஜன்னல் திரையின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் பரவாயில்லை. சாமி படம் வைப்பதற்குச் சுவரில் ஒரு பலகைகூட அடித்து வைத்திருக்கிறாய். அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. படங்களுக்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். “மாசக் கடைசில வாரேன் மா. சாமான் கொஞ்சமா எடுத்துக்குங்க. சப்பாத்து வேணாம், ஓடுனதெல்லாம் போதும்.” கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்றால் உனக்கு நேரம் இல்லை. அம்மாவுக்குக் கட்டில் பார்க்க மட்டும் எங்கிருந்தோ நேரம் கிடைத்திருக்கிறது.

இதற்குப் பதிலைப் போனில் சொன்னால் பாதியிலேயே “மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்” என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதைப் பக்கத்து வீட்டு சரோ அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் போடச் சொன்னாள், அங்கே இருக்கிற பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இதே செய்தியைத்தான் அனுப்பியிருக்கிறார்களாம். வீட்டுக்கு வீடு வாசற்படி. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. உன்னிடம் மட்டும் ஒரு விஷயத்தை ஒளித்தேன், அதையும் இதிலேயே சொல்லிவிடப் போகிறேன்.

நான் ஓட ஆரம்பித்ததைப் பற்றி நீ உன் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னதும் எங்கம்மா எழுந்து ஓடினாங்க என்பாய். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தவள், வேலையை விட்டதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இனிப்பு நீர் வந்தது. கிளினிக்கில் நடக்கச் சொன்னார்கள், சரோ அக்கா என்னைப் போலோ கிரவுண்டுப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடந்தோம் என்பதைவிட ஊர்க்கதை பேசினோம் என்பதுதான் உண்மை. ஒரு நாள் காலை மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள், நானும் ஓடினேன். கூரைக்குள் போய் நின்றபோது மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடியதுதான் நான் கடைசியாக ஓடியது. பின்னாலேயே நனைந்து வந்த சரோ அக்கா, “யாரு ஒன்னைய தொரத்துறா? நான் ஒருத்தி கூட வந்தது ஞாபகம் இருக்கா?” என்றாள்.

மறுநாள் மழை இல்லை. இருந்தும் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடினேன், அடுத்ததற்கு நடந்தேன். உன் அப்பா போன பிறகு இந்தப் புந்தோங் வீட்டில் சத்தமே இல்லாமல் போயிருந்தது தம்பி. டிவியை ஓடவிட்டுத்தான் சமைப்பேன். ஓடும்போது என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது, அது துணையாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்குக்கூட உடம்புக்கு நல்லது என்று மட்டும்தான் சொன்னேன். நீதான் முதல் நல்ல சப்பாத்தை வாங்கித் தந்தாய், நீதான் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரும் பதிந்தாய். புடவையை விட்டு ட்ராக் சிலுவாரை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும் அளவுக்கு எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

அந்த ஓட்டத்துக்கு முன்னால் டிங்கிக் காய்ச்சல் வந்தது. சரோ அக்கா பப்பாளி இலைச் சாறு பிழிந்து கொண்டுவந்து பக்கத்திலேயே நின்று குடிக்கவைத்தாள், அந்தக் கசப்பை நினைத்தால் இப்போதும் நாக்கு சுருண்டுகொள்கிறது. காய்ச்சல் விட்டபோது கால் என்னுடையதாக இல்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த உன்னிடம் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடப் போனேன். வாசல் கேட்டைத் தாண்டவில்லை, கேட்டையே பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டம் நடந்த நாளில் நான் கட்டிலில் கிடந்தேன். ஓட்டத்தை நடத்தியவர்கள் அனுப்பிய டீசட்டையைப் போட்டுக்கொண்டுதான் கிடந்தேன் என்பதை நீ உன் கூட்டாளிகளிடம் சொன்னதில்லை.

தேறி வந்ததும் விட்டதையெல்லாம் ஒரே மாதத்தில் பிடித்துவிடலாம் என்று அவசரப்பட்டேன். முட்டி வீங்கியது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். கிளினிக்கில் ஒரு பெண் ரப்பர் பட்டையைக் கொடுத்து, மேசைக் காலில் கட்டி இழுக்கச் சொன்னாள். தினமும் இழுத்தேன். ஆனால் உன் அம்மா ஒருத்தரை மட்டும் நம்பி உட்காருகிற ஆள் இல்லையே. கல்லுமலை முருகனிடமும் போனேன். முட்டி வலி போய் மறுபடியும் ஓடினால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வலி போனது. பட்டையால் போனதா முருகனால் போனதா என்று நீ கேட்டாய். இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டேன், உனக்கென்ன?

விரதம் ஆரம்பித்தேன். ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சைவம். இனிப்பு நீர் மாத்திரையைக் குறைக்கவில்லை, ஓட்டத்தையும் குறைக்கவில்லை. ஓடுவதற்காகத்தானே வேண்டுதல், ஓட்டத்தை நிறுத்திவிட்டு விரதம் இருந்தால் முருகன் என்ன நினைப்பார் என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தக் கணக்குத்தான் போலோ கிரவுண்டில் என்னைக் கீழே தள்ளியது. கை நடுங்கியது, வியர்த்தது, விளக்குக் கம்பங்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இடது கையை ஊன்றி விழுந்தேன், முட்டியும் தரையில் அடித்தது. யாரோ ஒரு சீனக் கிழவர் தன் பையிலிருந்த கயா ஜாம் தடவிய பன்னைப் பிய்த்து என் வாயில் வைத்தார். தலை சுற்றிக்கொண்டிருக்கும்போதே நான், “கயாவுல முட்டை இருக்கும்லா” என்று வாயை மூடிக்கொண்டேனாம். சரோ அக்கா என் தாடையைப் பிடித்து, “முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ முழுங்கு” என்றாளாம். முழுங்கினேன். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அந்த மலாய் டாக்டர் பெண், உன்னைவிடச் சின்னவள், என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “ஆன்ட்டி, நோன்பு மாசத்துல எத்தனை பேருக்கு நாங்க மருந்து நேரத்தை மாத்திக் கொடுக்கிறோம் தெரியுமா? விரதம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கும் மாத்தித் தந்திருப்போமே” என்று மலாயில் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விரதத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் கூடாது என்பார்கள் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். வருஷம் தவறாமல் நோன்பு இருக்கிறவளிடம்போய் விரதத்தை மறைத்திருக்கிறேன், பார்.

நீ வந்தாய். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு நான் படுத்திருந்ததைப் பார்த்து என் கால்மாட்டில் உட்கார்ந்தாய். உன் முகம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் சுங்காய் தோட்டத்துப் பள்ளியில் உனக்கு மூச்சிழுப்பு இருந்த காலத்தில் நான் அந்த முகத்தோடுதான் அலைந்தேன். விளையாட்டுப் போட்டியில் ஓடியே தீருவேன் என்று நீ அடம்பிடித்தாய். உன் அப்பா வேண்டாம் என்றார், உன் வாத்தியார் வேண்டாம் என்றார். நான் உன் மருந்துக் குழலைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடட்டும் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, நீ திடலைப் பாதி சுற்றுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தாங்க முடியாமல், “நட தம்பி, நடந்து வா போதும்” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். நீ நடக்கவில்லை. கடைசி ஆளாக ஓடி வந்து முடித்துவிட்டு, என்னோடு பேசாமல் வீட்டுக்குப் போனாய். ரொம்ப நாள் கழித்து, “ஏம்மா நடக்கச் சொன்னீங்க? நான் ஓடிக்கிட்டுதானே இருந்தேன்” என்று கேட்டாய். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். பயத்தில் கத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். இப்போது நீயும் பயத்தில்தான் கத்துகிறாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

இங்கே தங்கியிருந்த நாட்களில் நீ என்னை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலை பார்த்தாய். என் மாத்திரைக்கு உன் போனில் மணி வைத்தாய். தலை வாரிவிடக்கூட வந்தாய், எண்ணெய் அதிகம் வைத்துவிட்டாய், அது வேறு கதை. தினமும் காலையில் என் வலது கையைப் பிடித்துப் போலோ கிரவுண்டுக்குக் கூட்டிப்போனாய். உனக்கு நீளமான கால். அதை அடக்கி அடக்கி என்னோடு வைத்து நடந்தாய். “மெதுவா மா, அவசரம் இல்ல” என்பாய். வழியெல்லாம் பேசினாய். உன் மேலதிகாரியைப் பற்றி, உன் அப்பாவைக் கனவில் கண்டதைப் பற்றி, ஒரு பெண்ணைப் பிடித்திருந்து அது கைகூடாமல் போனதைப் பற்றி. அதையெல்லாம் நீ போனில் ஒரு நாளும் சொன்னதில்லை. திரும்பி வரும்போது கடையில் உட்கார்ந்து பசியாறுவோம், நீ உன் ரொட்டி சானாயில் பாதியை எனக்குப் பிய்த்து வைப்பாய். நீ வேலைக்குப் போன நாளிலிருந்து நாம் இத்தனை பேசியதில்லை.

இப்போது ஒளித்ததைச் சொல்கிறேன். நீ வந்த கொஞ்ச நாளிலேயே என் கால் சரியாகிவிட்டது தம்பி. கையில்தான் கட்டு, காலில் ஒன்றுமில்லை. மருந்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், தலைசுற்றல் இல்லை. ஒரு நாள் நீ காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது சரோ அக்காவோடு போய் ஒரு சுற்று மெல்ல ஓடியே வந்தேன். மறுநாள் காலை உன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் காலை இழுத்து இழுத்து நடந்தேன். எதிரே வந்த சரோ அக்கா பார்த்துவிட்டாள். நீ தண்ணீர் வாங்கப் போன சமயம் கிட்டே வந்து, “நேத்து ஓடுன, இன்னைக்கு நொண்டுற. என்ன கூத்து இது?” என்று கேட்டாள். “கால் சரியாயிடுச்சின்னா கெளம்பிடுவான்கா” என்றேன். வாயாடியான அவள் என் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நம்பவில்லை என்றால் தைப்பூசத்தை நினைத்துப் பார். கட்டுப்போட்ட கையோடு நான் எப்படிப் பால்குடம் எடுப்பது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீதான், “நான் எடுக்கிறேன் மா, நீங்க வேண்டிக்கிட்டது பாக்கி இருக்கக் கூடாது” என்றாய். சாமியே இல்லை என்று பேசுகிறவன், மஞ்சள் வேட்டி கட்டி, செருப்பில்லாமல் புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரைக்கும் என் வேண்டுதலைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தாய். பால் தளும்பிவிடக் கூடாது என்று நேராகவே பார்த்துக்கொண்டு போனாய். கூட்டத்தில் யாரும் தள்ளிவிடாமல் உன் பக்கத்திலேயே யார் வந்தது? உன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தது யார்? தார் சுடுகிறது என்று நீ வேகத்தைக் கூட்டியபோது யார் வேகத்தைக் கூட்டியது? எனக்கு நொண்ட மறந்தே போய்விட்டது. பாதி வழியில் சரோ அக்கா இடுப்பில் கிள்ளி, “கால், கால்” என்றாள். எனக்கு எங்கே நினைவிருந்தது, உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன். அடுத்த நாள் காலை மறுபடியும் இழுத்து நடந்தேன்.

அந்த நடையைப் பார்த்துத்தான் அம்மா முடியாமல் போய்விட்டாள், தனியாக விடக் கூடாது என்று நீ முடிவு செய்திருக்கிறாய். அந்த நடையைப் பார்த்துத்தான் கட்டில் வாங்கியிருக்கிறாய், பலகை அடித்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. நீ பார்த்ததை நம்பினாய், நான் காட்டியதுதான் பொய். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நான் செய்த வேலை என்னையே ஊரைவிட்டுக் கிளப்புகிற அளவுக்கு வந்து நிற்கிறது. உன் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பேசாமல் ஜொகூருக்கு வந்துவிட்டால் தினமும் உன் முகத்தைப் பார்க்கலாமே என்றும் தோன்றியது. ஆனால் அங்கே வந்தால் நான் என்றைக்கும் நொண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட முடிகிறவளை எதற்காக அந்த அறையில் வைத்திருக்கிறேன் என்று நீயே ஒரு நாள் உன்னைக் கேட்டுக்கொள்வாய். அப்படி நான் உன்னிடம் இருக்க மாட்டேன்.

அதனால் நான் வரவில்லை தம்பி. இப்போதைக்கு இல்லை. முடியாத காலம் ஒன்று வரும், அது எல்லோருக்கும் வருகிறதுதானே. வரும்போது நானே கேட்பேன், அந்தத் திரையை மட்டும் மாற்றிவிடு. அதுவரைக்கும் நான் இங்கேதான் ஓடுவேன். முட்டாள்தனமாக ஓட மாட்டேன். சாப்பிட்டுவிட்டு ஓடுகிறேன், சிலுவார்ப் பையில் மிட்டாய் இருக்கிறது, உடம்பு சரியில்லாத நாளில் நடக்கிறேன், அதுவும் முடியாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்து ஓடுகிறவர்களைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் நோய் வந்து போனால் விட்ட இடத்திலிருந்தே தொடங்கப் பார்ப்பேன். இப்போது எங்கே இருக்கிறேனோ அங்கிருந்து தொடங்குகிறேன். இத்தனை தடவை விழுந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உனக்கும் வேலையிலோ, அந்தப் பெண் விஷயத்திலோ இது எதற்காவது உதவினால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் விடு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைக் கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன், கேட்க வாய் வராமல் இங்கே வரைக்கும் இழுத்துவிட்டேன். டிங்கி வந்தது, நீ வந்தாய். விழுந்தேன், நீ வந்தாய். நடுவில் நான் நன்றாக இருந்த மாதங்களில் உனக்கு மீட்டிங் இருந்தது. குறை சொல்லவில்லை, உன் பிழைப்பு எனக்குத் தெரியும். ஆனால் கீழே விழுந்து கிடந்தபோது, வலிக்கு நடுவில், இனி தம்பி வருவான் என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. பெற்றவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வரக் கூடாது தம்பி. அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. டிங்கிக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

மாசக் கடைசியில் வருவதாகச் சொன்னாயே, அதை மாற்றாதே. சாமான் ஏற்ற வரவேண்டாம், சும்மா வா. ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போ. காலையில் போலோ கிரவுண்டுக்குப் போவோம், இந்தத் தடவை நீ உன் நடையில் நட, என் காலைப் பற்றிக் கவலைப்படாதே. நான் சுகமாக இருக்கிறேன். அதனால் வா.

உன் அம்மா